காகம் யாருடைய பெயர்

யூஜின் இறந்துபோன செய்தி பாண் வாங்கப் போன பேக்கரியில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. அழைத்தவள் ஷிபானா. யூஜினோடும் என்னோடும் ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது கொழும்பில் ஒரு தொலைக்காட்சியில் ஒலிப்பதிவு செய்கிறாள். "நானா, யூஜின் அண்ணன் காலமை மோசம் போயிட்டாராம்" என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நம்பவில்லை. யாராவது சலாம் சொன்னாலே என்ன தேவைக்குச் சொல்கிறார் என்று யோசிக்கிற சுபாவம் எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையா என்று அறிய இறந்தவரின் இலக்கத்துக்கே அழைத்தேன். அவருடைய மனைவி மெற்றில்டா எடுத்தார். நான் வாய் திறக்க முன்னமே, "ஓம் நானா, உண்மைதான்" என்றார். என் சந்தேகப் புத்தியின் புகழ் நான் இருக்கிற தில்லையடியிலிருந்து அவர்களுடைய கற்பிட்டி வரை போயிருக்கிறது.

கற்பிட்டிக்குப் போய் இறங்கியதும் சந்தியில் வெள்ளைப் பதாகை. படத்துக்குக் கீழே யூஜின் என்று பெரிதாகவும், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'காகம்' என்றும் போட்டிருந்தார்கள். நம் கரையில் ஊர் வைத்த பெயரைப் போடாவிட்டால் செத்தது யாரென்று பாதிப் பேருக்கு விளங்காது. நான் அந்தப் பதாகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தார். நானும் வாங்கிக் குடித்தேன். பொய்க்குக் கிடைத்த உபசரிப்பை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அடக்கம் முடிந்து வெளிக்கிடும்போது மெற்றில்டா கேட்டார்: "முப்பத்தோராம் நாள் நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறம். நீங்க எழுதுறவர்தானே நானா, அவரப்பத்தி எழுதித் தாங்க." கேட்டுவிட்டுத் தேவைக்கு மேல் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தால்தான் இதை இப்படி எழுதுகிறேன். வழக்கம்போல எழுதியிருந்தால் நல்லவர், வல்லவர் என்று முடித்துக்கொண்டு வட்டிலப்பம் சாப்பிடப் போயிருப்பேன்.

யுத்தம் முடிந்த கையோடு புத்தளத்தில் ஒரு தனியார் கல்லூரி பொழுதுபோக்குத் துறையில் ஒரு செமஸ்டர் படிப்பைத் தொடங்கியது. முதற் பாதி வகுப்பு, மறுபாதி படப்பிடிப்பில் பயிற்சி. வகுப்பு முழுக்க இளசுகள். நாற்பது தாண்டியவர்கள் இரண்டே பேர்: கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்துகொண்டு நாடகம் எழுதப்போகிறேன் என்று அலைந்த நானும், படகு எஞ்சின் திருத்துகிற யூஜினும். இரண்டு கிழடுகள் இங்கே என்ன செய்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம். சீஐடி என்று பேசிக்கொண்டார்கள். அந்த நாளில் அந்தச் சொல்லை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. நான் சீஐடி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர்தான் என்று நான் முடிவுகட்டினேன்.

அதற்கு ஆதாரமும் இருந்தது. எந்நேரமும் கையில் ஒரு சிஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். எதையாவது பார்ப்பார், குனிந்து எழுதுவார், மூடிவிடுவார். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்:

"நானா, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்கதானே? நீங்க சீஐடியா?"

"உங்களத்தான் நான் அப்பிடி நினைச்சன்" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் இல்ல."

"அத எப்பிடி நம்புறது?"

"நம்பாதீங்க" என்றார் யூஜின். "நம்பாட்டியும் தேத்தண்ணி குடிக்கலாம்தானே."

எங்கள் நட்பு அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் கடைசி வரை நடந்தது.

பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி டெலிநாடகம் எடுக்கக் கற்பிட்டிக் கரைக்கு வந்தது. ஷிபானாவுக்கு மைக் பிடிக்கிற வேலை. எனக்கு, எதிர்கால எழுத்தாளனுக்கு, கதாநாயகிக்குக் குடை பிடிக்கிற வேலை. யூஜினுக்குத் தொடர்ச்சி பார்க்கிற வேலை. ஒரே காட்சியை மூன்று நாள் துண்டு துண்டாக எடுப்பார்கள். முதல் நாள் சட்டையில் எத்தனை பொத்தான் பூட்டியிருந்தது, கோப்பை எந்தக் கையில் இருந்தது என்றெல்லாம் ஒருவர் குறித்து வைக்காவிட்டால் நாடகம் கந்தலாகிவிடும். அவர் அதற்கென்றே பிறந்தவர். பிரித்த எஞ்சினை ஆணி குறையாமல் பூட்டிப் பழகிய கண் அல்லவா?

ஒரு சாப்பாட்டுக் காட்சியின் இரண்டாம் நாள், கமெரா ஓட முதல் யூஜின் கையைத் தூக்கினார். "சேர், நேத்துத் தட்டில மூண்டு துண்டு பாரை. இப்ப ரெண்டுதான் இருக்கு." டிரெக்டர் கத்தினார்: "எவன் திண்டது?" யூஜின் என் வாயைப் பார்த்தார். மிளகாய்த்தூள் அங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு டிரெக்டரிடம் திரும்பி, "அது என்ர வேலை இல்ல சேர். நான் சாமானத்தான் எழுதுறன், ஆள எழுதுறதில்ல" என்றார். இன்னொரு துண்டு பொரித்து வந்தது, படப்பிடிப்பு நடந்தது. எனக்கு அன்றைக்கு நன்றி வரவில்லை, பயம்தான் வந்தது. மீன் துண்டைக் கண்டவர் வேறு எதையெல்லாம் கண்டிருப்பார்?

பயத்துக்குக் காரணம் இருந்தது. கதாநாயகிக்குக் குடை பிடிப்பவனைப் பொழுதுபோக்குத் துறையில் யாரும் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவன் காதுக்குப் பக்கத்திலேயே எல்லாக் கதையும் நடக்கும். மீனவப் பெண்ணாக நடித்தவருக்கு மீன் வாடை ஆகாது என்பதும், யார் யாரோடு கோபம் என்பதும் எனக்கு வந்து குவிந்தன. அவற்றை 'கடல் காகம்' என்ற பெயரில் ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு விடுவார்கள். தொழுதுவிட்டு, தபால் கந்தோரில் கடிதத்தைப் போட்டுவிட்டு வருவேன். ஒருமுறை யூஜின் வழியில் நின்று, "பள்ளிவாசல் மற்றப் பக்கமெண்டு நினைச்சன் நானா" என்றார். கொப்பி கையில் இருந்தது.

அடுத்த கிழமை, நம் ஊர்க் காற்று கதாநாயகனின் தலைமயிரைக் கழற்றிக் கடலில் போட்டது. அது டோப்பா என்று அந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. மறுநாள் கரைவலையில் கீரி மீனோடு அது திரும்பி வந்தது. இப்படி ஒன்று கண் முன்னால் நடக்கும்போது எழுதாமல் இருக்க நான் என்ன வலியுல்லாவா, பெரிய மகானா? எழுதினேன். பத்திரிகை கொழும்பில் பரவியது. கதாநாயகன் கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போக வான் வண்டியில் ஏறினார்.

டிரெக்டர் எங்களைத் தென்னைக்குக் கீழே வரிசையாக நிறுத்தினார். "எழுதினது யாரெண்டு இப்ப தெரிய வேணும். இல்லாட்டி எல்லாரும் வீட்ட போங்க. ஒருத்தருக்கும் சான்றிதழ் இல்ல." ஷிபானா விக்கி விக்கி அழுதாள். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அவளுடைய வாப்பா அவளை வீட்டை விட்டு அனுப்பப் போவதில்லை. டிரெக்டரின் கண் கொப்பி வைத்திருந்தவர் மேல் போய் நின்றது.

"எப்ப பாத்தாலும் எழுதிக்கொண்டிருக்கிறது நீதான். கொப்பியத் தா."

அந்தக் கொப்பியைக் கொடுத்திருந்தால் முடிந்தது. அதில் சட்டையும் கோப்பையும்தான் இருக்கும், தப்பிவிடுவார் என்று நான் நினைத்தேன். அதே நேரம், வெள்ளிக்கிழமையும் தபால் கந்தோரும் அதில் இருக்கும், நான் மாட்டிக்கொள்வேன் என்றும் நினைத்தேன். யூஜின் கொப்பியைச் சட்டைக்குள் செருகினார்.

"தரமாட்டன் சேர்."

"அப்ப நீதான் காகம்."

யூஜின் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மணலில் நடந்து போனார். அடுத்த நாடகத்துக்கு அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போவதாக டிரெக்டர் போன கிழமைதான் சொல்லியிருந்தார். மெற்றில்டா அதற்காக ஒரு சூட்கேஸும் வாங்கி வைத்திருந்தார்.

நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குக் கீழே அப்போது யாரும் இருக்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. என்னுடையது வீட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. யூஜின் எஞ்சினுக்கே திரும்பினார், ஆனால் பெயர் அவரோடு போயிற்று. "காகம் வருது, கதைய நிப்பாட்டுங்க" என்று கரையில் சொல்வார்களாம். வாழ்க்கையில் ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாத மனிதரைக் கண்டு ஊர் வாயை மூடியது. ஊர்க்கதையை விற்றே எழுத்தாளனான என்னிடம் அதே ஊர் வந்து கதை சொன்னது.

அதற்குப் பிறகும் நாங்கள் சந்தித்தோம், தேத்தண்ணி குடித்தோம். ஒவ்வொரு கோப்பையிலும் இன்றைக்குக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. தெரிந்து மன்னித்தாரா, தெரியாமலே இருந்தாரா, அல்லது ஒன்றும் சொல்லாமல் இருந்து என்னை ஆயுளுக்கும் தண்டித்தாரா என்று எனக்குப் பெரிய சந்தேகம். ஒருமுறை பாலாவி பஸ்ஸில் நானே வாயைக் கிளறினேன்.

"காகமெண்டு கூப்பிடுறாங்களே, கோவம் வாறதில்லையா?"

"வாறதுதான்" என்றார். "ஆனா ஷிபானாட பேர் டீவீல வருது எண்டு மெற்றில்டா கூப்பிட்டுக் காட்டுறா. அதப் பாத்தாப் போயிடும்."

"அந்தக் கொப்பியில என்னதான் இருந்தது?"

"சட்டை, கோப்பை" என்றார். "நீங்க நம்ப மாட்டீங்க."

நான் நம்பவில்லை. அடக்கத்தன்று, மெற்றில்டா அந்தப் பார்வை பார்த்த பிறகு, கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன். "படப்பிடிப்ப விட்டு வந்த அண்டைக்கே அடுப்புக்க போட்டவர் நானா. எரிஞ்சு முடியும் மட்டும் பக்கத்திலயே குந்தி இருந்தவர்" என்றார்.

சட்டையும் கோப்பையும் மட்டும் எழுதிய கொப்பியை ஒரு மனிதர் ஏன் எரிக்க வேண்டும்? என் சந்தேகப் புத்தி ஆயுளில் ஒரே ஒரு தடவை சரியான வாசலில் கொண்டுபோய் விட்டது. ஆளை எழுதுவதில்லை என்றவர், ஒரேயொரு தடவை ஆளை எழுதியிருக்கிறார். பிறகு அதை யாரும் வாசிக்கவிடவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களே, கடல் காகம் யூஜின் அல்ல. அது நான். மீன் துண்டைத் தின்றதும் நான்தான். கல்லறையில் பெயர் வெட்டப் போவதாக அறிந்தேன். யூஜின் என்று மட்டும் வெட்டுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்து என்னிடம் தந்துவிடுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயர் ஒன்றைத்தான். இனி நான் கரைக்கு வரும்போது நீங்கள் கதையை நிப்பாட்டலாம்.