ஜெர்மன் வீட்டு நுளம்பு

நுளம்பு ஒழிக்கிறவனை நுளம்பு கடிப்பதில்லை, வீட்டுக்காரர்கள்தான் கடிப்பார்கள். டெங்குப் பரிசோதனைக்கென்று வீடு வீடாகப் படலை தட்டி ஏச்சு வாங்கிய சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

கப்பலில் வந்த இரத்தம்

மாரி மழை விட்டதும் மட்டக்களப்பில், வாவியோரத்து ஒழுங்கை ஒன்றில் டெங்கு புகுந்தது. அங்கே தச்சுப் பட்டறை வைத்திருந்தவர் பெலிக்ஸ் அண்ணன். பறங்கியர். மற்றப் பறங்கியரெல்லாம் போர்த்துக்கேய வழி, ஒல்லாந்த வழி என்பார்கள். இவர் மட்டும் ஜெர்மன். ஒல்லாந்தர் படையில் கூலிக்கு வந்த ஜெர்மன் சிப்பாய்தான் தங்கள் வம்சத்தின் முதல் ஆள் என்பார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி. புழு துளைக்காமல் இருக்க மாம்பலகைகளை அதில் ஊறப்போட்டிருந்தார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்த சனம்போல நுளம்புக் குடம்பிகள், குட்டிப் புழுக்களாக நெளிந்தன. ஒவ்வொன்றும் இறால் பருமன், நம்பாவிட்டால் விடுங்கள். தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னேன். காய்ந்தால் பலகை வெடித்துவிடும் என்றார். வீட்டில் பிள்ளை இருக்கிறாளே என்றேன்.

"நுளம்புக்கும் தெரியும் தம்பி, எது ஊர் ரத்தம், எது ஜெர்மன் ரத்தம் எண்டு."

காய்ச்சல் விட்ட காலை

அடுத்த கிழமை போனால் மகள் ரொசலின் பாயில் கிடந்தாள். நாலைந்து நாளாகக் கொதித்த காய்ச்சல் அன்று காலைதான் விட்டிருந்தது. பெலிக்ஸ் அண்ணன் உளி தீட்டியபடி சிரித்தார். "பாத்தியா, எங்கட ரத்தம் வெண்டுட்டு!"

டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பொல்லாத நேரம். பிள்ளையின் கையைத் தொட்டேன், ஐஸ். வயிறு நோகுது என்று முனகினாள். குடித்த கஞ்சியெல்லாம் சத்தியாக வெளியே வந்திருந்தது. உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். "காய்ச்சல் இல்லாத புள்ளைக்கு ஆசுபத்திரி எதுக்கு?" என்று வாசலை மறித்து நின்றார். உண்மை எடுபடவில்லை. சரி, என் சொந்தச் சரக்கை அவிழ்த்தேன். "கோட்டைக்குள்ள ஒரு ஜெர்மன் சிப்பாய்ட கல்லறை இருக்கண்ணன். 'சனி காய்ச்சல் விட்டது, ஞாயிறு உயிர் விட்டது' எண்டு ஜெர்மன்ல வெட்டியிருக்கு."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "உனக்கு எப்ப ஜெர்மன் தெரியும்?"

உள்ளே ரொசலின் மறுபடி ஓங்காளித்தாள். அவர் மனைவி சிவமலர், பக்கத்துக் களுதாவளை ஊர்ப் பெண், மகளை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சேருங்க, ஜெர்மன் ரத்தம் உங்களோட நிக்கட்டும், புள்ளைக்கு ஓடுறது என்ட களுதாவளை ரத்தம், தள்ளுங்க!"

காய்ந்த தொட்டி

அவர் தள்ளி நின்று வழிவிட்டார். ஆட்டோ பிடிக்க ஓடியவரும் அவர்தான். பிள்ளையைப் பார்த்த டொக்டர், "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று தொடங்கி, தகப்பனின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். ஆசுபத்திரியில் இருந்த நாட்களில் பெலிக்ஸ் அண்ணன் ஜெர்மனி என்ற சொல்லையே எடுக்கவில்லை.

ரொசலின் பிழைத்து வீடு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது. பலகைகள் வெடித்திருந்தன. ஆளைக் காணோம். தேடினால், ஒழுங்கையில் வீடு வீடாகப் புகுந்து சிரட்டையும் பழைய டயரும் கவிழ்த்து, எங்கள் கந்தோர்ப் பெரியவர்களைவிட மோசமாக ஏசிக்கொண்டிருந்தார். என் சைக்கிளில் தொங்கிய வாளியில் மழைத்தண்ணீர் நிற்பதைக் கண்டதும் அதையும் பறித்துக் கவிழ்த்தார்.

"ஜெர்மன்காரன்ட ஒழுங்கையில தண்ணி தேங்கப்படாது தம்பி!"

நுளம்புக்கு எங்களிடம் புகை இருக்கிறது, ஒல்லாந்தர் கப்பலேறி வந்த அந்த ஜெர்மன் காய்ச்சலுக்குத்தான் இன்னும் மருந்தில்லை.