நீலம் தெரிந்த சுவர்

டெய்லரக்காவுக்கு வாயும் கத்தரியும் ஒரே வேகம். தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த யூனிஃபார்மில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ஐம்பத்தெட்டு வயதிலும் மெஷினை விட்டு எழுந்ததில்லை.

அந்த வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்க முடிவானது. பெயிண்டர் முன்னறைச் சுவரில் முழ நீளத்துக்கு இரண்டு பட்டை அடித்துக் காட்டினார். ஒன்று தந்த நிறம், மற்றது வெளிர் நீலம். மகளுக்குத் தந்த நிறம் பிடித்திருந்தது.

"அம்மா, நீ சொல்லு."

அக்கா கிட்டே போய்ப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு இடத்துல அடிச்சு வெச்சிருக்காரு?"

மகளும் பெயிண்டரும் சிரித்துவிட்டார்கள். பஸ் டிரைவரான கணவர் சிரிக்கவில்லை. போன மாதம் வெள்ளைக் காலருக்கு மஞ்சள் நூல் போட்டதாக மூன்று சட்டைகள் திரும்பி வந்தன. நூல்கடைக்காரர்தான் ஏமாற்றினார் என்று அக்கா அவரிடம் மல்லுக்கு நின்றதும் கணவருக்குத் தெரியும்.

"உனக்கு நிஜமாவே ஒண்ணாத் தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்காவின் முகம் வெளுத்தது. அன்று அவர் மெஷின் பக்கமே போகவில்லை.

கண்புரை என்றார் டாக்டர்; அதனால்தான் எல்லாம் மஞ்சள் பூசினாற்போலத் தெரிகிறதாம். ஆபரேஷன் என்றதும் அக்கா முரண்டு பிடித்தார். "கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன். இருக்கிற பார்வையும் போனா யாரு பதில் சொல்றது?"

கணவர் வாதாடவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, "இவ கண்ணு சரியாகி கலர் சொல்ற வரைக்கும் வேலை வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அக்கா இரண்டு வாரம் அந்தப் பட்டைகளையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் காலை, தானே பையை எடுத்து வைத்து, "கிளம்புங்க" என்றார்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர் முன்னால் போய் நின்றார். புதுக் கண்ணைப் பொத்தினார்: இரண்டும் அதே மஞ்சள். பழைய கண்ணைப் பொத்தினார்.

"அடேயப்பா! இது எங்கே, அது எங்கே!"

அப்படியே திரும்பிக் கணவரைப் பார்த்தவர், "ஏங்க, இவ்வளவு நரைச்சிருச்சா உங்களுக்கு? யாருமே சொல்லலையே!" என்றார். கணவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொட்டு மருந்து நாட்கள் முடிந்ததும் பெயிண்டர் வந்தார்.

"நீலம்தான்" என்றார் அக்கா.

"அம்மா, தந்த நிறம்தான் வீட்டுக்கு நல்லா இருக்கும்" என்று மகள் இழுத்தாள்.

"இத்தனை நாள் எல்லாத்தையும் மஞ்சளாத்தான் பார்த்தேன். எனக்குப் போதும்டி."

"நீலத்துல அழுக்கு பளிச்சுனு தெரியும்க்கா" என்றார் பெயிண்டர்.

"தெரியட்டும்! தெரிஞ்சாத்தானே துடைக்க முடியும்?"

பெயிண்டர் முதல் சுவரை முடிப்பதற்குள் அக்கா நாலு இடத்தில் விரல் நீட்டிவிட்டார், "இங்க விட்டுட்டீங்க, அங்க திட்டா இருக்கு" என்று. மறுவாரமே அடுத்த கண்ணுக்கும் நாள் குறித்துவிட்டு வந்தார். இந்தத் தடவை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.