சாக்கடையில் தேடிய சாவி

என் பழைய ஸ்கூட்டரின் சாவி தொலைந்துவிட்டது. பூட்டை மாற்றினால் ஆயிரக்கணக்கில் ஆகுமென்று, ராயபுரம் தெருவோரச் சாவிக்காரரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கூடவே அம்மாவும் வந்தாள். சாவிக்காரர் வெட்டாத சாவியொன்றை மெழுகுவத்திப் புகையில் கறுக்கவைத்து, பூட்டில் நுழைத்துத் திருகி, தடம் விழுந்த இடத்தை அரத்தால் ராவினார். அந்தக் கரகரப்பில் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

அன்று அப்பாவின் ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை.

"சாவிய இன்னாடி பண்ண? சாக்கடைல கை வுட்டுப் பாரு!"

அப்பா அம்மாவின் பின்கழுத்தைப் பிடித்து வாசலில் தள்ளினார். "நான் தொலைக்கலய்யா" என்று அழுதபடி, கையை முழங்கைவரை கருஞ்சேற்றில் விட்டு மதியம்வரை துழாவினாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன்.

சாவி என் பாவாடை நாடா முடிச்சில் இருந்தது. எண்ணூரில் வைத்திருந்த சின்ன வீட்டுக்கு அவர் போகக்கூடாதென்று நான்தான் எடுத்தேன். சொன்னால் அடி எனக்கு விழும்.

கடைசியில் அப்பா ஒரு சாவிக்காரரைக் கூட்டிவந்தார். அரைமணி நேரத்தில் வண்டி எண்ணூருக்குக் கிளம்பிவிட்டது.

"இன்னாக்கா, யாரு தொலைச்சது?" ராவிக்கொண்டே ராயபுரத்துச் சாவிக்காரர் சும்மாதான் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள், அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் இல்லப்பா."