என் புடவையில் வேப்பிலைக் கறை

என் மகள் உமாவுக்கு நெஞ்சு வலப்பக்கம் துடித்தது. பிறந்த அன்றே டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டார். ஈரல் நடுவில், இரைப்பை வலப்பக்கம், மண்ணீரல் ஒன்றாக இல்லாமல் துண்டு துண்டாக. வயிற்றுக்குள் எல்லாமே இடம் மாறிப் போயிருந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து அறையில் கோமளாவின் பிள்ளையைப் பார்க்க ஊரே வந்துகொண்டிருந்தது.

கோமளா என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. தாம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். எண்பதுகளில் நடந்தது இது. இருவரும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றோம். அவளுக்கு பாபு, எனக்கு உமா.

ஏரிக்கரை அம்மாவை நம்பிய சகோதரிகளே, எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். இந்தக் கடிதத்தைத் தானே எழுதித் தருவதாக உமா சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். இது என் கையால் எழுத வேண்டியது. போன ஆடியில் நம் ஏரிக்கரை அம்மன் கோயில் மைக்கில் கோமளா பேசினாள். தன்னுடைய வேண்டுதலால்தான் உமா பிழைத்தாள் என்றாள். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

பாபு தவழ்ந்தான், உமா படுத்துக் கிடந்தாள். பாபு நின்றான், உமா அப்போதுதான் உட்கார்ந்தாள். என் மாமியார் இடுப்பில் எப்போதும் பாபுதான். அவன் எத்தனை வாய் சோறு தின்றான் என்று கோமளாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் எந்தக் கையால் உருண்டை பிடிக்கிறான், எப்போது தூங்குகிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவனைப் பார்த்துவிட்டு உடனே உமாவைப் பார்ப்பேன். வயிறு எரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனிடம் போய் நிற்பேன். "தாயே, கோமளா பிள்ளைக்கு எது எது எங்கே இருக்கிறதோ, அங்கேயே என் பிள்ளைக்கும் வை." வேறு வேண்டுதலே எனக்குக் கிடையாது.

டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். "தாயோட வயித்துக்குள்ள இருக்கும்போதே குழந்தையோட குடல் ஒரு சுத்து சுத்தி அதோட இடத்துல உட்காரணும்மா. இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குச் சில சமயம் அது சரியா சுத்தியிருக்காது. பின்னாடி என்னைக்காவது முறுக்கிக்கலாம். பச்சையா வாந்தி எடுத்தா, எதுக்கும் நிக்காம தூக்கிட்டு வாங்க."

பச்சை. அந்த ஒரு சொல்லை மனதில் முடிந்து வைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு ஒன்றரை வயது ஆனபோது ஆடி வந்தது. நம் கோயிலில் ஆடி வெள்ளியன்று வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து, சாறு பிழிந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாலாடைச் சங்கில் ஊற்றுவது வழக்கம் அல்லவா? அன்று என் கையில்தான் பாலாடை. முதலில் பாபுவுக்கு ஊற்றினேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். கூட்டம் முழுக்க அவனை மெச்சியது. அடுத்து உமாவுக்கு ஊற்றினேன். புர்ரென்று அத்தனையும் என் மடியில் துப்பிவிட்டாள். வேப்பிலை குடிப்பதில்கூடக் கோமளா பிள்ளைதான் ஜெயித்தான் என்று எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உமா சுருண்டு படுத்து முனகினாள். தூக்கினேன். வாந்தி எடுத்தாள். பச்சையாக, குளத்துப் பாசி போல.

"பச்ச! பச்ச!" என்று கத்திவிட்டேன். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்குடி இப்டி மெரள்ற? வேப்பெல குடிச்ச புள்ள பச்சையா எடுக்காம செவப்பாவா எடுக்கும்? கொடல் ஏறிக்கினு கீது. வெளக்கெண்ண எடுத்தா, தடவி எறக்கி உடறேன்."

எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவே போய்விட்டேன். அப்போது கோமளா சொன்னாள்.

"நீயேதானக்கா என் புள்ளைக்கும் ஊத்துன. அவன் பாரு, ஜம்முனு வெளையாடிக்கினு கீறான். உன் பொண்ணுக்கு எதுவுமே ஒத்துக்காது."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. பாபுவைப் பார்த்தேன். என் கண் எப்போதும் போல அங்கிருந்து உமாவுக்குப் போனது. குடித்தவன் அவன். இவள் குடிக்கவே இல்லையே! அத்தனையும் என் மடியில் அல்லவா கிடக்கிறது? குனிந்து பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாகக் கறை, இன்னும் ஈரம் காயவில்லை.

"இவ வேப்பெல குடிக்கவே இல்ல அத்த. இந்தப் பச்ச வேற" என்றேன். கிண்ணத்தை வைத்துவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. பாபுவை இடுப்பில் வைத்துக்கொண்டு கோமளாவும் என் பின்னால் ஓடிவந்தாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தாம்பரத்தில் எலக்ட்ரிக் ரயில் ஏறினோம். அவள் பெட்டி முழுக்கக் கேட்கும்படி அம்மனைக் கூப்பிட்டு அழுதாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளுக்குள் வேண்டினேன். பாபு பிஸ்கட் தின்றுகொண்டு வந்தான். அப்போதும் அதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், "ஆடி வெள்ளியாச்சே, வேப்பிலை கொடுத்தீங்களா?" என்று கேட்டார். முந்தானையை விலக்கி மடிக்கறையைக் காட்டினேன். "கொடுத்தது எல்லாம் இங்க இருக்குங்க." மருந்து குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. உடனே வயிற்றைத் திறந்தார்கள்.

வெளியே வந்த பெரிய டாக்டர் சொன்னார். "குடல் கருக்க ஆரம்பிச்சிருந்தது. முறுக்கைப் பிரிச்சதும் நிறம் திரும்பிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காதும்மா."

அழுதுகொண்டே கேட்டேன். "எல்லாருக்கும் இருக்கிற இடத்துல வெச்சிட்டீங்களா சார்?"

"அப்படி வைக்க முடியாதும்மா. சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் ஒதுக்கி வெச்சிருக்கோம். குடல்வாலை எடுத்துட்டோம். அவ உடம்புக்கு இதுதான் நல்ல இடம். திரும்ப முறுக்கிக்கிறது அபூர்வம்."

நான் கேட்ட வரத்தை அம்மா கொடுக்கவில்லை. கோமளா பிள்ளைக்கு இருக்கிற இடம் என் பிள்ளைக்கு எதற்கு என்று தூக்கிப் போட்டுவிட்டாள். உமாவுக்கு என்றே ஓர் இடம் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்தப் பழைய வேண்டுதலை விட்டேன். "இருக்கிறபடியே வாழ வை" என்று மட்டும் கேட்பேன். தொண்ணூறுகளில் உமா பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் ஓடினாள். இப்போது கூடுவாஞ்சேரியில் டீச்சர். நெஞ்சு இன்னும் வலப்பக்கம்தான் துடிக்கிறது.

பொறாமைக்காரி என்று என்னை வீட்டில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். இரண்டு பிள்ளைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்த அந்தக் கண் இல்லாவிட்டால், நானும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அம்மா கொடுத்த கண்.

சகோதரிகளே, நம்பி வேண்டுங்கள், அவள் கேட்பாள். ஆனால் பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தால், வேண்டுதலை ஓடிக்கொண்டே சொல்லுங்கள். ரயிலில் சொன்னாலும் அவளுக்குக் கேட்கும்.

கோமளாவும் வேண்டினாள், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மைக்கில் இன்னும் நூறு தடவை சொல்லட்டும். அந்தப் புடவையை எத்தனையோ முறை துவைத்துவிட்டேன், கறை போகவில்லை. அது என் பெட்டியில்தான் இருக்கிறது.