அலமாரிக்குள் எரிந்த பல்ப்

போன வாரம் வரை எங்கள் வீட்டு மர அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கோத்தகிரியில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் பட்டுப்புடவை, தோல் செருப்பு, கல்யாண ஆல்பம் என்று எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்துவிடும். அதற்காகவே மலையில் பல வீடுகளில் அலமாரிக்குள் பல்ப் எரியும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சூடு புடவைக்காக இல்லை. மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், அதில் செருகியிருந்த உள்ளங்கை அளவு நெட்வொர்க் கார்டும்தான் அதில் குளிர் காய்ந்துகொண்டிருந்தன. "கார்டுக்கு ஹீட்டர், எனக்கு ஈர ஸ்வெட்டர்" என்று என் மனைவி சொல்லாத மழைக்காலம் கிடையாது. கம்ப்யூட்டர், கார்டு, பல்ப் ஹோல்டர் மூன்றும் குன்னூரிலிருந்து வந்தவை. அக்கா கொடுத்துவிட்டுப் போனவை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. முதலில் மெயிலில் 'மேடம்' என்று ஆரம்பித்து, நேரில் பார்த்த அன்றே அக்கா ஆனவர். கோயம்புத்தூரில் நெட்வொர்க் கார்டு தயாரித்த ஒரு சிறு கம்பெனியில் இளவயதில் வேலை பார்த்தவர். கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் மட்டும் அது பேசிவிடாது. கார்டின் பாஷை வேறு, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பாஷை வேறு. நடுவில் நின்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்ல ஒரு நிரல் வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றுக்கு அந்தக் கார்டின் டிரைவரை எழுதியவர் அக்கா. பிறகு கம்பெனி மூடிவிட்டது. முதலாளி வேறு தொழிலுக்குப் போனார், கூட இருந்தவர்கள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். 'இந்த டிரைவரைப் பார்த்துக்கொள்பவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எழுதி முடித்த நிரலில் அப்படி என்ன வேலை என்று என் மாமனார் இன்றைக்கும் கேட்கிறார். மலையில் தகரக்கூரை போட்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மழைக்கு முன்பும் ஏறித் தார் பூச வேண்டும். கூரையில் ஒரு தப்பும் இருக்காது, மழைதான் வருஷா வருஷம் வருகிறது. அதேபோல ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உலகமெங்கும் இருந்து ஆயிரம் பேர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மேலே ஒன்றை மாற்றினால் கீழே இருக்கும் டிரைவர்களெல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகிறதா என்று நிஜமான கார்டை வைத்து ஒருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. அக்கா வயிற்றுப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே வேறொரு கம்பெனிக்கு வேலை பார்த்தார். படுக்கையோடு இருந்த அம்மாவையும் பார்த்துக்கொண்டார். காலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தபின் கிடைக்கும் கொஞ்ச நேரம் இந்தக் கார்டுக்கு.

அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அதை அவர் மறைத்ததே இல்லை. டிரைவரை எடுத்துவிட இந்த உலகத்தில் ஒரு முறை உண்டு. 'இதை நீக்கப்போகிறேன், யாராவது பயன்படுத்துகிறீர்களா?' என்று பொதுவில் மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் எடுத்துவிடலாம். ஒரே ஒருவர் 'நான் வைத்திருக்கிறேன்' என்று சொன்னால் போதும், பெரும்பாலும் டிரைவர் தங்கிவிடும். அக்கா முதல் தடவை கேட்டபோது எங்கோ ஒரு தீவிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் கை தூக்கினார். அடுத்த தடவை கேட்டபோது கை தூக்கியவன் நான்.

நான் அப்போது கோத்தகிரியில் ஒரு சிறு டீ ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டரும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது அந்தக் கார்டு வழியாகத்தான். 'இன்னும் உபயோகத்தில் இருக்கிறது, தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று பவ்யமாக இங்கிலீஷில் எழுதினேன். மெயிலின் தலைப்பில் இருந்த இந்திய நேரத்தை அவர் கவனித்திருக்கிறார். 'இந்தியாவில் எந்த ஊர்?' என்று மட்டும் பதில் வந்தது. கோத்தகிரி என்றேன். அதற்கு வந்த பதில் தமிழில் இருந்தது. "அடக் கொடுமையே! நான் குன்னூருங்க. பஸ் ஏறுனா வந்துருவேன், நீங்க மெயில் போட்டுட்டு இருக்கீங்க."

அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டார். பழுப்புச் சால்வை, காதை மூடிய ஸ்கார்ஃப், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். டீத்தூள் படிந்த கம்ப்யூட்டரைத் திறந்து தன் கார்டைப் பார்த்தபோது, முகத்தில் சந்தோஷமா எரிச்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இத்தன வருசமா இத யாருக்காகச் செய்யறேன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க தம்பி. பக்கத்து மலைக்குத்தான் செஞ்சிருக்கேன்" என்றார். எங்கள் முதலாளி நல்ல டீயாகப் போடச் சொல்லிவிட்டு, "அடுத்த சீசன்ல புதுக் கம்ப்யூட்டர் மாத்திப்போடலாமுங்க, அதுவரைக்கும் பாத்துக்கங்க" என்றார். அக்கா தலையாட்டினார். அடுத்த சீசன் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கம்ப்யூட்டர் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. மக்கர் பண்ணாததை எந்த முதலாளி மாற்றுவார்? அக்கா ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதால்தான் அது மாறவில்லை, மாறாததால்தான் அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இதை நான் ஒருமுறை சொன்னபோது, "தெரியுதுங்க. தெரிஞ்சு என்ன பண்றது, கெடுத்து வெக்கவா முடியும்?" என்றார்.

குன்னூரில் அவர் வீட்டுக்கு நான் போவதும் வழக்கமாயிற்று. முன்னறையில் அம்மாவின் கட்டில், அதை ஒட்டி இதேபோல ஓர் அலமாரி. கதவைத் திறந்தால் மஞ்சள் வெளிச்சத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது என்று பஜாரில் தேடித் தேடிக் குண்டு பல்ப் வாங்கி வைத்திருப்பார். இருந்தது ஒரே கார்டு, அது போனால் வேறு கிடைக்காது. டிரைவரில் யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் அதில் போட்டு ஓட்டிப் பார்க்காமல் 'சோதித்துப் பார்த்தேன்' என்று எழுதமாட்டார். கம்ப்யூட்டர் பிழை சொல்லாமல் நிரலை ஏற்றுக்கொண்டாலே போதும் என்று பலர் அந்த வார்த்தையைப் போட்டுவிடுவதுண்டு. அக்காவுக்கு அது பொய்ச்சாட்சி. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நிர்வகிக்கும் தூரத்துப் பெரியவர்கள் அந்தக் கார்டைக் கண்ணால் பார்த்ததில்லை, அக்காவின் அந்த ஒரு வரியை நம்பித்தான் திருத்தங்களைச் சேர்த்தார்கள். இத்தனை வருஷ உழைப்பில் அவர் சம்பாதித்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

ஒரு மழைக்காலத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. இப்போதெல்லாம் இவற்றை மனிதர் எழுதுகிறாரா மெஷின் எழுதுகிறதா என்றே தெரிவதில்லை. வந்து குவிகின்றன, எல்லாம் பார்க்க லட்சணமாக இருக்கின்றன. கார்டை எழுப்பியபின் அதனிடம் எதையும் கேட்பதற்கு முன், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக டிரைவர் சும்மா காத்திருக்கும். 'இந்தக் காத்திருப்புக்குக் காரணம் எதுவும் எழுதப்படவில்லை, எடுத்துவிடலாம்' என்றது அந்தத் திருத்தம். அக்காவுக்கும் காரணம் நினைவில்லை. "சின்ன வயசுல யாரோ போடச் சொன்னாங்க, போட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியலீங்க" என்றார். ஒரு வாரம் முழுக்க அந்த இடைவெளி இல்லாமல் கார்டை எழுப்பி எழுப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சட்டென்று எழுந்தது. சோதித்துப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாற்றம் சேர்ந்த புதிய பதிப்பு எங்கள் ஃபேக்டரிக்கு வந்துசேர மார்கழி ஆகிவிட்டது. அதன்பிறகு திங்கட்கிழமைகளில் தொல்லை ஆரம்பித்தது. ஞாயிறு முழுக்க அணைத்து வைத்த எடைக் கம்ப்யூட்டரைக் காலையில் போட்டால் கார்டு செத்தது போல் கிடக்கும். வெளியே இலை மூட்டைகளோடு லாரி நிற்கும். இலை மூட்டைக்குள் வெந்து சிவந்துபோகும் என்று விவசாயிகள் என்னைப் பிடித்துக் காய்ச்சுவார்கள். வெயில் ஏறியபின் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரைத் துடைத்தேன், எலியைக்கூடச் சந்தேகப்பட்டேன். அக்காவிடம் சொன்னபோது, "டிரைவர்ல இருக்காதுங்க, நான் ஓட்டிப் பாத்துட்டேனே" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

தை பிறந்து ஒரு திங்கட்கிழமை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அக்கா முதல் பஸ்ஸில் வந்தார். புல்லெல்லாம் உறைபனி. கம்ப்யூட்டரைப் போட்டோம், கார்டு எழவில்லை. அணைத்துக் கார்டைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எதுவும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. குளிர்ந்து கிடந்த குழந்தையின் கையைத் தேய்ப்பது போல இரண்டு கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றினார். திரும்பச் செருகிப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. லாரிக்காரர் "ஓடுதுங்களா?" என்று கத்தினார். எனக்கு நிம்மதி. அக்கா மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"தம்பி, ஊட்டுல அலமாரிக்குள்ள பல்ப் எரியுதுங்களே."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "குளுருல இது எந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகுமுங்க. அதுக்குத்தான் அந்த இடைவெளி. நான் சூட்டுல வெச்சே எழுப்பிப் பாத்திருக்கேன். ஊரே குளுருல கெடக்குது, நான் கதகதப்புல வெச்சுப் பாத்துட்டு நல்லா இருக்குதுன்னு எளுதிக் குடுத்திருக்கேன்." அங்கிருந்த இலை மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கார்டைக் காப்பாற்ற வைத்த பல்ப்தான் அதன் நோயை மறைத்தது. வெளியே யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது, மலையில் இருக்கிற யாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அன்று மதியமே எங்கள் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து பொதுவில் மெயில் எழுதினார். 'நான் சோதித்தது சூடான கார்டை. என் சோதனை செல்லாது. அந்த இடைவெளியைத் திரும்பச் சேர்க்கவும்.' இப்படி எழுத வேண்டிய அவசியமில்லை, சும்மா ஒரு திருத்தம் அனுப்பினாலே போதும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. 'சேர்த்தாயிற்று' என்று அந்தப் பெரியவர்களிடமிருந்து ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தமுறை காரணத்தையும் நிரலிலேயே எழுதிவைத்தார்: 'குளிரில் தேவை. கோத்தகிரியில் ஒரு தை மாதக் காலையில் சோதித்தது.'

அதோடு அவருக்கு விட்டுப்போயிற்று. அந்த வருஷமே அம்மா தவறிவிட்டார். திருப்பூரில் கல்யாணமாகிப் போயிருந்த மகள் அக்காவைத் தன்னோடு வரச் சொன்னாள். போகுமுன் அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "உங்க பேரப் போட்டுக்கறீங்களா? புடிக்கலைன்னா சொல்லீருங்க, கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு இனி எம்மேலயே நம்பிக்கை இல்லீங்க" என்றார். போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த அலுப்பு எனக்கு. திருத்தங்கள் வரும், ஓட்டிப் பார்ப்பேன். பல்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, கார்டு ஜில்லென்று ஆனபின் ஒருமுறை, சூட்டில் ஒருமுறை. மனைவி போர்வைக்குள்ளிருந்து திட்டுவாள். அக்கா எப்போதாவது போன் செய்து, "இங்க அடிக்கற வெயிலுக்கு எந்தக் கார்டும் எந்திரிச்சுக்குமுங்க" என்று சிரிப்பார்.

சமீபத்தில் ஃபேக்டரி கைமாறியது. புது முதலாளி வந்த கையோடு எல்லாக் கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டார். பழையதைக் காயலான் கடைக்காரர் தூக்கிப்போனார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, அக்கா அன்று போட்ட அதே மெயிலை என் பெயரில் போட்டேன்: நீக்கப்போகிறேன், யாராவது பயன்படுத்துகிறீர்களா? தீவு வாத்தியாருக்குத் தனியாக அனுப்பியது, அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. காத்திருக்க வேண்டிய நாளெல்லாம் காத்திருந்தேன். போன வாரம் டிரைவரை எடுத்துவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் செய்தேன். நல்ல சேதி சொல்கிறோம் என்ற நினைப்பில்தான் ஆரம்பித்தேன்.

"யாராச்சும் வேணும்னு எளுதுனாங்களா தம்பி?"

"இல்லீங்கக்கா."

எத்தனை வருஷம் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார் அவர்.

"ஒருத்தரு கூடவா?"

தீவு வாத்தியாருக்குப் போட்ட மெயில் திரும்பி வந்ததைச் சொன்னேன். அவர், "செரி, அந்தப் பல்ப அணைச்சுருங்க. உங்க ஊட்டுல ஸ்வெட்டர காயப்போடட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அலமாரியைத் திறந்தேன். கார்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன், கதகதப்பாக இருந்தது. பல்பை அணைத்தேன். கையை மூடியபடியே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். என் கைச்சூடு இருந்த வரை அது ஆறவில்லை.