அம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி

பூச்சி... நேற்று காலை நீ எழுந்திருக்கவே இல்லையாம்.

உன் அம்மா போன் செய்தபோது நான் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். "அக்கா, அவ எந்திரிக்கலக்கா... உடம்பு சில்லுன்னு இருக்கு" என்றாள். மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூச்சி நான் பெற்ற பிள்ளை இல்லை. எங்கள் பிளாட்டில் மேல் மாடி வீட்டுப் பிள்ளை. அம்மாவுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, அப்பா இல்லை. நாலு வயதிலிருந்து பகலெல்லாம் என்னோடுதான். இப்போது பதிமூன்று.

ஐந்து வயதில் வலிப்பு வர ஆரம்பித்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் மனதில் நின்றது. வலிப்பு வரும்போது இவளுக்கு நெஞ்சு ரொம்ப வேகமாக அடிக்கும், பிறகு தானாகக் குறையும். என்றைக்காவது அது ரொம்ப மெதுவாகப் போனால் உடனே கூட்டி வர வேண்டும்.

அன்று முதல் இதே வேலைதான்... ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்ப்பது.

வருவதற்கு முன்னால் அவளுக்கே தெரிந்துவிடும். "ஆன்ட்டி, நெஞ்சுக்குள்ள ரெம்பிட் பைக் ரேஸ் ஓட்டுறான்" என்பாள், ராத்திரி ரோட்டில் கண்மண் தெரியாமல் பைக் ஓட்டுகிற பையன்களைப் போல.

"லைசென்ஸ் இருக்கான்னு கேளுடி" என்பேன். சிரித்துக்கொண்டே என் மடியில் சாய்வாள். அப்புறம் கண் மேலே போய்விடும்.

ஏழு வயதில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை கோயிலுக்குக் கூட்டிப் போனேன். உறுமி அடிக்கிற இடத்தில் விழுந்துவிட்டாள். கை கால் இழுக்குது, சுற்றி நிற்பவர்கள் சாமி வந்துவிட்டது என்று கும்பிடுகிறார்கள்! ஓர் அம்மா திருநீறு பூசுகிறார். ஒருவர் குனிந்து, "தாயே, நாலு நம்பர் சொல்லும்மா" என்று லாட்டரிக்குக் கேட்கிறார்.

"சாமி இல்லண்ணே, வலிப்பு! தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!" என்று கத்தினேன். நெஞ்சில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னால் இவள் என்னையே திட்டுகிறாள். "ஏன் ஆன்ட்டி விரட்டினீங்க? என்னை எழுப்பியிருந்தா ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லியிருப்பேன்லா. லாட்டரி அடிச்சிருந்தா அந்த அங்கிள் நமக்குக் கோழிச் சோறு வாங்கிக் கொடுத்திருப்பாரு."

அப்படி ஒரு வாய்...

மூன்று வாரத்துக்கு முன்னால், பள்ளி விட்டு வந்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி கீழே விழுந்தது. கை வைத்தேன். முதலில் வேகம், வழக்கம்போல. அப்புறம் சட்டென்று குறைந்தது. ஒன்று... ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. என் கைதான் மரத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு சரியாகிவிட்டது. கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். நான் போனை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி. அடுத்த வாரம் ஸ்கூல் கேம்ப். ஒரு கேம்புக்குக்கூட என்னை விட்டதில்ல. ப்ளீஸ் லா."

"விளையாடாதடி பூச்சி. டாக்டர் என்ன சொன்னாரு?"

"போயிட்டு வந்து நானே சொல்றேன். சத்தியமா."

சரி என்றேன்... நான்தான் சரி என்றேன்.

கேம்புக்குப் போனாள். வெயிலில் கறுத்துப் போய், தொண்டை கட்டி, அவ்வளவு சந்தோஷமாக வந்தாள். அவளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு உன் வீட்டைக் கழுவிவிட்டோம். எல்லோரும் போனதும் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "தங்கச்சி, என்னை அடிச்சாலும் பரவால்ல" என்று ஆரம்பித்து, முழுசாகச் சொன்னேன்.

அவள் அடிக்கவில்லை. கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

அப்புறம், "என்கிட்டயும் இதேதான் கேட்டாக்கா" என்றாள். "போன மாசம் குளிச்சிட்டு வரும்போது வந்துச்சு, நெஞ்சு அதே மாதிரி மெதுவாப் போச்சு. 'ஆன்ட்டிகிட்ட சொல்லாதம்மா, பயந்துக்கிட்டு இனிமே என்னை வச்சிக்க மாட்டாங்க'ன்னு அழுதா. உங்கள விட்டா அவளைப் பார்க்க யாருக்கா இருக்கா? நானும் வாய மூடிக்கிட்டேன்."

ஈரத் தரையிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா" என்றாள்.

உன்னை நான் வச்சிக்க மாட்டேன்னு யாருடி உனக்குச் சொன்னது...

போய் வா பூச்சி. உன்மேல் கோபம் இல்லை.

அம்மா பார்த்தது ஒன்று, நான் பார்த்தது ஒன்று. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இல்லாதபோது எத்தனை தடவை இப்படி வந்ததுடி?