கீறல் விழாத கோப்பை

கோகிலா அக்கா இறந்த செய்தி திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தது. பத்து நாள் மஞ்சள் காமாலை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அக்காவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் போட்டிருந்த நீலக்கல் மோதிரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். "நீலம் ஒத்துக்கலன்னா ஆளையே வாங்கிடும்" என்கிறார்கள். அவள் அம்மாவை நான் பெரியம்மா என்பேன். "நாந்தாண்டி கல்ல வாங்கிக் குடுத்து ஒன்ன கொன்னுட்டேன்" என்று அவர் சுவரில் முட்டிக்கொள்வது பக்கத்து வீட்டில் எங்களுக்குக் கேட்கிறது.

அக்காவோடு செராமிக் கம்பெனியில் கோப்பைகளுக்குப் பளபளப்புப் பூச்சு போட்டவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். விளக்குத் திரியைக் குறைத்து வைத்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால் நோட்டை மூடிவிடுகிறேன். "அந்தக் கல்லப் பத்தி வாயத் தெறந்த, சூடு வச்சிடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

ஏழரைச் சனியால் வரன் தள்ளிப்போகிறது என்று பெரியம்மா கறவை மாட்டை விற்றார். சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஒரு வெளியூர்க்காரரிடம் அந்தக் கல்லை வாங்கினார். மூன்று இரவு அக்காவின் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"என்னக்கா கனவு வந்துச்சு?"

"சூளை மேஸ்திரி பொடவ கட்டிக்கினு வந்தாரு. அது நல்லதாடி, கெட்டதா?"

மோதிரம் செய்து போட்டுக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வகுப்பில் படித்ததை ஒப்பித்தேன். நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்ற ஒரே கனிமம். நம் களிமண்ணில் இருக்கும் அலுமினியம்தான் அதிலும் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது. பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் படிகமாகிறது. துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீல நிறம். கைக்கடிகாரத்துக்குள் சக்கரங்களைத் தாங்கவும் இதே கனிமத்தை வைக்கிறார்கள், அவ்வளவு கடினம்.

"நாங்களும் அதே மண்ணத்தான் சூளையில வேக வைக்கிறோம், கோப்பதான் வருது" என்று சிரித்தாள்.

"அசல் நீலம் அந்தக் கோப்பையக் கீறிடும்க்கா. வைரத்துக்கு அடுத்தது அதான்."

மறுநாள் கம்பெனியில் கழித்துப் போட்ட கோப்பை ஒன்றைக் கொண்டுவந்தாள். கல்லை அழுத்தித் தேய்த்தோம். கோப்பையில் ஒன்றுமில்லை. கல்லின் ஓரம்தான் வெளுத்துப் போயிற்று. கண்ணாடி.

அக்கா கல்லில் ஒட்டிய தூளைத் துடைத்தாள். பிறகு மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாத. மாடும் போயி கல்லும் பொய்யின்னா தாங்காது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். கோப்பையையும் என்னிடமே ஒளித்துவைக்கக் கொடுத்தாள்.

சத்தியத்தை மீறினால் அக்கா கோபிப்பாளோ என்று பயமாக இருக்கிறது. அம்மா வைக்கப்போகும் சூட்டை நினைத்தாலும் பயம். இப்போதும் சுவரில் அந்தச் சத்தம் கேட்கிறது. ஏமாந்தது தெரிந்தால் பெரியம்மா அழுவார். ஆனால் கொன்றுவிட்டேன் என்று அழமாட்டார்.

காலை ஷிப்ட்டுக்கு நீங்கள் வரும்போது வாசலில் இந்தத் தாளைக் கொடுப்பேன். நான் மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள், யாராவது ஒருவர் என்னோடு வாருங்கள். அக்கா விரலிலிருந்து கழற்றி வைத்திருக்கும் மோதிரத்தைப் பெரியம்மாவே தன் கையால் இந்தக் கோப்பையில் தேய்த்துப் பார்க்கட்டும்.

அக்காவின் பொருள் என்று என்னிடம் இருப்பது இந்தக் கோப்பை ஒன்றுதான். இதில் ஒரு கீறல்கூட இல்லை.